பிரிந்துபோக உரிமை உண்டா? கையெழுத்து யாருடையது என்று பாருங்கள்

கோவையில் சட்டம் படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: ஓர் இனம் தன் நாட்டிலிருந்து பிரிந்து தனி நாடு அமைக்கச் சர்வதேச சட்டத்தில் உரிமை உண்டா? உண்டு என்றால் பங்களாதேஷுக்கும் கொசோவோவுக்கும் நடந்தது ஈழத்துக்கு ஏன் நடக்கவில்லை? பக்கத்து நாடு படை அனுப்பி உதவலாமா? ஊர் வாட்ஸ்அப் குழுவில் 'கொங்கு நாடு' பேச்சு வந்தபோது ஒருவர் அதையும் சுயநிர்ணய உரிமை என்றார், அது சரியா?

கடைசிக் கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடலாம். 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் ஒருவரின் அறிமுகக் குறிப்பில் 'கொங்கு நாடு' என்ற சொல் வந்ததும் கிளம்பிய பேச்சு அது. அதில் அடிபட்டது தனி மாநிலம், தனி நாடு இல்லை. மாநிலத்தைப் பிரிப்பது இந்திய அரசியல் சாசனத்தின் 3ஆம் பிரிவு சம்பந்தப்பட்ட வேலை. நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டம் போட்டுச் செய்யலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அதன்படி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாபுலால் பராத்தே வழக்கில் 1959இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2014 ஜனவரி 30 அன்று ஆந்திர சட்டமன்றம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்ற, ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. நம் பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 அன்று மைசூருக்குப் போனதைப் பாருங்கள். இதிலெல்லாம் சர்வதேச சட்டத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

நாட்டைவிட்டே பிரிவது வேறு சமாச்சாரம். இந்திய நிலப்பரப்பில் ஒரு துண்டை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கக்கூட 3ஆம் பிரிவு போதாது, அரசியல் சாசனத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. பங்களாதேஷுடன் திட்டுத் திட்டாகக் கிடந்த நிலங்களை மாற்றிக்கொள்ள 2015இல் 100ஆவது திருத்தம் தேவைப்பட்டது அதனால்தான். பிரிவினை கோருவதற்கு 1963இன் 16ஆவது திருத்தம் வேலி போட்டது. தேர்தலில் நிற்பவரே இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில்தான் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. ஆக, குழுவில் பேசியவர் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பிவிட்டார்.

இனி பெரிய கேள்வி.

சுயநிர்ணய உரிமை என்ற சொல் ஐ.நா. சாசனத்தின் 1ஆம் பிரிவிலும் 55ஆம் பிரிவிலும் இருக்கிறது. 1966இன் இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளும் 'எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு' என்ற ஒரே வாசகத்தோடுதான் தொடங்குகின்றன. இதைப் படித்ததும் 'எல்லா மக்களும் என்றால் நாங்களும்தானே' என்று தோன்றுவது இயல்பு. சிக்கல் 'மக்கள்' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு வரையறை எந்த உடன்படிக்கையிலும் இல்லை. நடைமுறையில் அது உறுதியாகப் பொருந்துவது இரண்டு தரப்புக்கு: குடியேற்ற (காலனி) ஆட்சியின் கீழ் இருந்தவர்கள், அந்நிய ஆக்கிரமிப்பின் கீழ் இருப்பவர்கள். இவர்களுக்குத் தனி நாடாகும் உரிமை உண்டு என்பதில் இன்று சண்டை இல்லை. 1960 டிசம்பர் 14 அன்று பொதுச்சபை நிறைவேற்றிய 1514ஆம் தீர்மானம் அதற்கு அடித்தளம். 89 நாடுகள் ஆதரித்தன, 9 நாடுகள் ஒதுங்கின, எதிர்த்து ஒரு ஓட்டும் விழவில்லை. மறுநாள் வந்த 1541ஆம் தீர்மானம் குடியேற்றம் எது என்று அடையாளம் சொன்னது: ஆளும் நாட்டிலிருந்து நில அமைப்பால் பிரிந்து கிடக்க வேண்டும், இனத்தாலோ பண்பாட்டாலோ வேறுபட்டிருக்க வேண்டும். கிண்டலாக இதை 'உப்புத் தண்ணீர் விதி' என்பார்கள். நடுவில் கடல் இருந்தால் குடியேற்றம், மலை இருந்தால் உள்நாட்டு விவகாரம்!

அதே 1514இன் 6ஆவது பத்தியைப் பலர் படிப்பதே இல்லை. ஒரு நாட்டின் ஒருமைப்பாட்டை முழுதாகவோ பகுதியாகவோ குலைக்கும் முயற்சி சாசனத்துக்கு ஒவ்வாது என்கிறது அது. விடுதலை கொடுத்த அதே தாளில் பூட்டும் இருக்கிறது. போட்டவர்கள் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள்தான். தங்கள் எல்லைக்குள் இன்னொரு விடுதலைக் கோரிக்கை முளைக்கும் என்ற கவலை அவர்களுக்கு. இந்தியா அந்தக் கவலையை எழுத்திலேயே வைத்திருக்கிறது: 1979இல் உடன்படிக்கைகளில் சேர்ந்தபோது, சுயநிர்ணய உரிமை அந்நிய ஆதிக்கத்தின் கீழ் உள்ள மக்களுக்கு மட்டுமே, இறையாண்மையுள்ள நாடுகளுக்கோ ஒரு மக்களின் ஒரு பகுதிக்கோ பொருந்தாது என்று அறிவிப்புக் கொடுத்தது. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து மூன்றும் அதை ஆட்சேபித்தன. இந்திய அறிவிப்பு இன்றும் அப்படியே நிற்கிறது.

குடியேற்றமும் ஆக்கிரமிப்பும் இல்லாத இடத்தில், அதாவது சாதாரண ஒரு நாட்டுக்குள் வாழும் ஓர் இனத்துக்கு என்ன கிடைக்கும்? உள்ளக சுயநிர்ணயம் கிடைக்கும். அரசாங்கத்தில் பங்கு, மொழி, பண்பாடு, தன்னாட்சி இவைதான் அது. இதற்குப் பழைய மாதிரி ஆலந்துத் தீவுகள். சுவீடிஷ் பேசும் தீவுக்காரர்கள் பின்லாந்திலிருந்து விலகி சுவீடனோடு சேர விரும்பினார்கள். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் 1921இல் மறுத்தது; பதிலுக்கு மொழிக்கும் நிலத்துக்கும் பாதுகாப்போடு தன்னாட்சி வாங்கிக் கொடுத்தது. இன்றும் அந்த ஏற்பாடு நடக்கிறது.

நம்மூர்ப் பாகப்பிரிவினையோடு வைத்துப் பார்த்தால் இது பிடிபடும். கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒரு பங்காளிக்குப் பிடிக்கவில்லை என்றால் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கோர்ட் பங்கைச் சொல்லும், கமிஷனர் வந்து தோட்டத்தை அளப்பார், கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர் என்பது வரை முடிவாகும். பங்கு கேட்பது உரிமை. சர்வதேச சட்டத்தில் அந்த வழக்கே கிடையாது. போட இடமும் இல்லை. சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காட நாடுகளுக்கு மட்டும்தான் தகுதி. மீதி இருப்பது ஒரே வழி: எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளும் பத்திரம். அதில் தாய்நாட்டின் கையெழுத்து விழுந்ததா என்று பாருங்கள். 1945க்குப் பிறகு குடியேற்றம் அல்லாத இடங்களில் பிரிந்து ஐ.நா.வில் இடம் பிடித்த நாடுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கையெழுத்தோடு போனவைதான்.

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூரை மலேசியாவே வெளியே அனுப்பியது. எரித்திரியா முப்பது ஆண்டு சண்டை போட்டு ஜெயித்தது, ஆனாலும் எத்தியோப்பியாவின் புதிய அரசு ஒத்துக்கொண்ட பிறகே 1993 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. மே மாதம் ஐ.நா.வில் சேர்ந்தது. தெற்கு சூடானுக்கு 2005 சமாதான ஒப்பந்தத்தில் சூடான் கையெழுத்துப் போட்டிருந்தது. 2011 ஜூலை 9 அன்று விடுதலை, 14ஆம் தேதி 193ஆவது உறுப்பு நாடு. பால்டிக் நாடுகளின் தேதிகளைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். சோவியத் அரசு அங்கீகரித்தது 1991 செப்டம்பர் 6 அன்று, ஐ.நா. சேர்த்துக்கொண்டது செப்டம்பர் 17 அன்று. அரை நூற்றாண்டாக வராதது பதினோரு நாளில் வந்தது.

கையெழுத்து இல்லாதவர்கள் கதை வேறு. நைஜீரியாவிலிருந்து பயாஃப்ரா 1967 மே 30 அன்று விடுதலை அறிவித்தது. ஐந்தே நாடுகள் அங்கீகரித்தன. 1970 ஜனவரியில் முடிந்தது. காங்கோவிலிருந்து பிரிய முயன்ற கட்டாங்காவுக்கு எதிராகப் பாதுகாப்பு கவுன்சிலே தீர்மானம் போட்டது. உங்கள் பேராசிரியர் யூகோஸ்லாவியாவைக் காட்டி மடக்குவார், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐரோப்பிய நாடுகள் அமைத்த பாதிண்டேர் ஆணையம் 1991இல் சொன்னது, யூகோஸ்லாவியா கலைந்துகொண்டிருக்கிறது என்று. ஒருவர் பாகம் பிரித்துப் போனதாக அது பார்க்கவில்லை. குடும்பமே கலைந்ததாகப் பார்த்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாய்நாடே இல்லாமல் போனால் கையெழுத்து எங்கிருந்து வரும்?

அதே ஆணையம் இன்னொன்றும் சொன்னது. கூட்டாட்சிக்குள் இருந்த மாநில எல்லைகளே புதிய நாடுகளின் எல்லைகள். லத்தீன் அமெரிக்காவில் தொடங்கி, 1964இல் ஆப்பிரிக்க நாடுகள் கெய்ரோவில் ஏற்று, 1986இல் புர்கினா ஃபாசோ-மாலி வழக்கில் சர்வதேச நீதிமன்றம் பொது விதி என்ற கோட்பாடு இது: கையில் இருந்த எல்லை அப்படியே தொடரும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஈரோட்டை 1979இலும் திருப்பூரை 2009இலும் தனி மாவட்டமாகப் பிரித்தபோது கோடு போட்டவர்கள் ரெவின்யூ வசதியைப் பார்த்தார்கள், யார் வீடு எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அப்படி நிர்வாகத்துக்காகப் போட்ட கோடு ஒருநாள் காலையில் பாஸ்போர்ட் கேட்கும் எல்லையாக மாறினால்? குரோவேஷியாவிலும் போஸ்னியாவிலும் இருந்த செர்பியர்களுக்கு நடந்தது அதுதான். நேற்றுவரை நாட்டின் மிகப் பெரிய இனம், இன்று சிறுபான்மை. ரத்தம் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் ஓடியது.

இப்போது எல்லோரும் தூக்கிக்கொண்டு வரும் விதிவிலக்கு: பரிகாரப் பிரிவினை. ஒரு மக்களை அரசு கொடுமைப்படுத்துகிறது, உள்ளுக்குள் எல்லா வழியையும் அடைத்துவிட்டது என்றால் கடைசி வழியாகப் பிரியலாம் என்ற வாதம். இதற்கு எழுத்தில் பிடிமானம் 1970இன் 2625ஆம் தீர்மானத்தில் உள்ள ஒரு வாசகம். இனம், மதம், நிறம் என்ற பேதமில்லாமல் எல்லா மக்களையும் பிரதிநிதித்துவம் செய்யும் அரசு உள்ள நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு இந்தத் தீர்மானம் குந்தகம் செய்யாது என்கிறது அது. 'அப்படிச் செய்யாத அரசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை' என்று தலைகீழாகப் படித்தால் பரிகாரப் பிரிவினை கிடைக்கும். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் விவகாரத்தில் கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் இந்த வாதத்தைத் தொட்டது, ஆனால் முடிவு சொல்லவில்லை. கியூபெக்கில் அப்படிக் கொடுமை எதுவும் இல்லை என்பதால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒருதலையாகப் பிரிய உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தால் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் கடமை மற்றவர்களுக்கு உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பரிகாரப் பிரிவினையை ஓர் உரிமையாக ஏற்று எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இதுவரை ஒரு நாட்டைப் பிரித்துக் கொடுத்ததில்லை.

'கொசோவோவில் கொடுத்ததே' என்பீர்கள். அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று விடுதலையை அறிவித்தது. செர்பியாவின் முயற்சியில் பொதுச்சபை சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்ட கேள்வி, 'இந்த அறிவிப்பு சர்வதேச சட்டத்துக்கு இசைந்ததா?' என்பது. கொசோவோ ஒரு நாடா என்றோ, பிரியும் உரிமை இருந்ததா என்றோ கேட்கவில்லை. 2010 ஜூலை 22 அன்று பத்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது: அறிவிப்பு சர்வதேச சட்டத்தை மீறவில்லை. பிரிவினை அறிவிப்புக்குச் சர்வதேச சட்டத்தில் பொதுவான தடை ஏதும் இல்லை. பிரதேச ஒருமைப்பாடு என்ற விதி நாடுகளுக்கு இடையேயான உறவைத்தான் கட்டுப்படுத்தும், உள்ளே இருந்து பிரிபவரை அது நேரடியாகத் தொடுவதில்லை. தடை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. ஊர்ப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று 'இந்தத் தோட்டம் இனி என்னுது' என்று ஒருவர் சொன்னால் அப்படிச் சொன்னது குற்றமில்லை. பட்டா அவர் பெயருக்கு மாறிவிடாது. பரிகாரப் பிரிவினை பற்றி நீதிமன்றம் பேசவே மறுத்துவிட்டது.

ஆனால் அதே கருத்துரையில் இன்னொரு பத்தி இருக்கிறது. தெற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), வடக்கு சைப்ரஸ், போஸ்னியாவின் செர்ப் குடியரசு ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாதுகாப்பு கவுன்சில் ஏன் கண்டித்தது? அறிவித்ததற்காக இல்லை. அவற்றோடு சட்டவிரோதப் படைபலமோ அதற்கு நிகரான பெரும் விதிமீறலோ சேர்ந்திருந்தது. ரொடீசியாவில் 1965இல் வெள்ளைச் சிறுபான்மை தன் நிறவெறி ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ள அறிவித்தது. சைப்ரஸில் 1974இல் வந்திறங்கிய துருக்கிப் படையின் நிழலில் 1983இல் அறிவித்தார்கள். என் பார்வையில் அந்தக் கருத்துரையின் உயிர் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. பிரிவதைப் பற்றி வாயைத் திறக்காத சட்டம், வெளிநாட்டுப் படையின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் பேச ஆரம்பிக்கிறது.

படைபலத்துக்கு வருவோம். சாசனத்தின் 2(4) ஒரு நாடு இன்னொரு நாட்டின் பிரதேச ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்துவதையும், பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதையும் தடுக்கிறது. தப்பிக்க வழிகள் மூன்றுதான்: பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி, ஆயுதத் தாக்குதல் நடந்தால் 51ஆம் பிரிவின் தற்காப்பு, சம்பந்தப்பட்ட அரசின் சம்மதம். ஓர் அரசு தன் எல்லைக்குள் பிரிவினைப் படையோடு சண்டை போடுவது 2(4)க்குள் வராது. அதற்காக அவர்கள் கைகள் கட்டவிழ்த்து விடப்படவில்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் பொது 3ஆம் பிரிவு, மனித உரிமைச் சட்டம், இனப்படுகொலை உடன்படிக்கை எல்லாம் அங்கே நிற்கும்.

பக்கத்து நாடு ஆயுதமும் பயிற்சியும் மட்டும் கொடுத்தால்? 1986 ஜூன் 27 அன்று, அமெரிக்கா மீது நிகரகுவா போட்ட வழக்கில் இதற்குப் பதில் வந்தது. கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுப்பது படைபலத் தடையை மீறுவது. பணம் மட்டும் கொடுத்தால் அது உள்விவகாரத் தலையீடு. ஆனால் இவை 'ஆயுதத் தாக்குதல்' என்ற உயரத்துக்குப் போகாது, ஆகவே பாதிக்கப்பட்ட நாடு 51ஆம் பிரிவைச் சொல்லித் திருப்பி அடிக்க முடியாது. அந்தத் தீர்ப்பு வந்த நாட்களில் நம் மேட்டூருக்குப் பக்கத்துக் கொளத்தூரில் ஈழப் போராளிகளின் பயிற்சி முகாம் இருந்தது ஊரறிந்த விஷயம். நிகரகுவா அளவுகோலை அங்கே வைத்துப் பாருங்கள். நமக்குப் பிடித்த தரப்பா இல்லையா என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை.

இலங்கை விவகாரத்தில் படைபலச் சட்டத்தின் எல்லாப் படிகளையும் வரிசையாகப் பார்க்கலாம். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலம் போட்டன, பூமாலை நடவடிக்கை. சம்மதம் இல்லை, இறையாண்மை மீறல் என்று கொழும்பு சொன்னது. ஜூலை 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு போன அமைதிப்படை சம்மதத்தின் பேரில் போனது, 2(4) பிரச்சனை இல்லை. 1989இல் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா வெளியேறச் சொன்னார். சம்மதத்தில் நிற்கும் படைக்கு அது போனால் காலுக்குக் கீழே நிலம் இல்லை. 1990 மார்ச்சில் கடைசி வீரர்களும் திரும்பினார்கள்.

பங்களாதேஷ் எல்லோரும் சொல்லும் வெற்றிக்கதை. 1970 டிசம்பர் தேர்தலில் 300 பொது இடங்களில் 160ஐ அவாமி லீக் பிடித்தது. பெரும்பான்மை மக்களின் கட்சிக்கு ஆட்சி மறுக்கப்பட்டது, 1971 மார்ச் 25 இரவு ராணுவம் பாய்ந்தது, ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். பரிகாரப் பிரிவினைக்கு இதைவிட வலுவான வழக்கு அமையாது. ஆனாலும் படை இறக்கியதற்குத் தற்காப்பு என்ற காரணம்தான் இந்தியாவுக்கு முதுகெலும்பு. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கியிருந்தன. டிசம்பர் 7 அன்று பொதுச்சபை, போரை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறச் சொல்லி 104க்கு 11 என்று தீர்மானம் போட்டது. இன்று நாம் கொண்டாடும் போரை அன்று உலகம் அப்படித்தான் பார்த்தது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த பிறகும் ஐ.நா. கதவு திறக்கவில்லை. உறுப்பினராகப் பாதுகாப்பு கவுன்சிலின் பரிந்துரை வேண்டும், 1972 ஆகஸ்டில் சீனா வீட்டோ போட்டது. பாகிஸ்தான் 1974 பிப்ரவரியில் அங்கீகரித்தது. செப்டம்பர் 17 அன்று பங்களாதேஷ் உள்ளே வந்தது. மறுபடியும் அதே கையெழுத்து.

உக்ரைனின் கிரைமியா இதற்கு நேர் எதிர்ப் பக்கம். 2014 பிப்ரவரி இறுதியில் அடையாளமில்லாத சீருடைக்காரர்கள் அங்குள்ள நாடாளுமன்றத்தைப் பிடித்தார்கள், மார்ச் 16 அன்று வாக்கெடுப்பு, 18 அன்று ரஷ்யாவோடு இணைப்பு ஒப்பந்தம். கொசோவோ கருத்துரையின் வாசகங்களை ரஷ்யா மேற்கோள் காட்டியது, அந்த இன்னொரு பத்தியைத் தவிர்த்துவிட்டு. மார்ச் 27 அன்று பொதுச்சபை 100க்கு 11 என்று வாக்கெடுப்பைச் செல்லாது என்றது. 58 நாடுகள் ஒதுங்கின, இந்தியாவும் அதில் ஒன்று. 2022இல் கிழக்கு உக்ரைனின் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் இரண்டையும் பிப்ரவரி 21 அன்று ரஷ்யா அங்கீகரித்து, 24 அன்று அவற்றுக்கு உதவி என்று 51ஆம் பிரிவைச் சொல்லி அதன் படை நுழைந்தது. முதலில் 'நாடு' ஆக்கு, பிறகு அந்த நாடு கூப்பிட்டது என்று சொல். இந்த வித்தை செல்லுபடியானால் 2(4) கிழிந்த கோணிதான். இதே நேரத்தில், 1999இல் பாதுகாப்பு கவுன்சில் அனுமதியில்லாமல் கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது 78 நாள் நேட்டோ குண்டு போட்டதும் அந்தச் சட்டத்தில் விழுந்த ஓட்டைதான் என்பதை ஒளித்துப் பேசக்கூடாது.

சட்டம் மீறி உருவானதற்குத் தண்டனை என்ன என்று கேட்டால், பெரும்பாலும் அங்கீகரிக்காமை. காகிதத் தண்டனை என்று தோன்றும். திருப்பூரில் பனியன் அனுப்புபவரிடம் கேளுங்கள், ஒரு காகிதத்தின் மதிப்பு தெரியும். ஆரிஜின் சர்ட்டிபிகேட் சரியில்லை என்றால் வரிச்சலுகை இல்லை, சரக்கு துறைமுகத்தில் நிற்கும். வடக்கு சைப்ரஸின் எலுமிச்சை வகைப் பழங்களும் உருளைக்கிழங்கும் அந்த ஊர் அதிகாரிகள் கொடுத்த சான்றிதழோடு பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1994 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், சைப்ரஸ் குடியரசின் அதிகாரிகள் தந்த சான்றிதழைத் தவிர வேறெதையும் ஏற்கக்கூடாது என்றது. பழத்தில் குறையில்லை, முத்திரையில்தான் குறை. கிரைமியாச் சரக்குக்கும் 2014 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அதே பூட்டைப் போட்டது: உக்ரைன் சான்றிதழ் இல்லாவிட்டால் இறக்குமதி இல்லை.

ஈழம் ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு இவ்வளவையும் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். தனி ஈழம் கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானமும், 1977 தேர்தலில் 18 இடங்களோடு தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியானதும் மக்கள் ஆணை என்ற வாதத்துக்கு வலு. இலங்கை அரசியல் சாசனத்தின் 1983 ஆகஸ்டு 6ஆவது திருத்தம் அமைதியாகத் தனிநாடு கேட்பதையே குற்றமாக்கியது. 'உள்ளே வழி அடைபட்டது' என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் குடியேற்ற வகையில் அது சேரவில்லை. கையெழுத்துப் போடக் கொழும்பு தயாராக இல்லை. புலிகள் தங்கள் ஆயுதப் பலத்தில் எழுப்பிய நடைமுறை ஆட்சியை ஒரு நாடும் அங்கீகரிக்கவில்லை. அண்டையில் இருந்த வல்லரசான இந்தியா மாகாண சபைக்குத்தான் தயார், தனிநாட்டுக்குத் தயாராக இல்லை. 2002 டிசம்பரில் ஓஸ்லோவில் உள்ளக சுயநிர்ணயத்தின் அடிப்படையில் கூட்டாட்சியை ஆராய்வதாக இருதரப்பும் சொன்னது, சட்டம் தாங்கக்கூடிய இடத்துக்கு மிக அருகே வந்த தருணம். அதுவும் கைநழுவியது. நியாயம் இருந்ததா என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது. சட்டம் எங்கே கைவிரித்தது என்பதை மட்டும் இது காட்டும்.

வாக்கெடுப்பு நடத்திவிட்டால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். போதாது. இராக்கில் குர்திஸ்தான் 2017 செப்டம்பர் 25 அன்று வாக்கெடுப்பு நடத்தி 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வாங்கியது. பாக்தாத்தின் சம்மதம் இல்லை. அக்டோபர் 16 அன்று இராக் படை கிர்குக்கை எடுத்துக்கொண்டது, எண்ணெய்க் கிணறுகளோடு. ஸ்காட்லாந்தின் 2014 வாக்கெடுப்புக்கு முன்பே லண்டனும் எடின்பரோவும் 2012இல் ஒப்பந்தம் போட்டிருந்தன. 55க்கு 45 என்று தோற்றாலும் யாரும் முடிவைக் கேள்வி கேட்கவில்லை. இரண்டாவது முறை கேட்டபோது லண்டன் சம்மதிக்கவில்லை, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுவிட்டது. வரம்பை முன்கூட்டியே எழுதிக்கொள்வதும் முக்கியம். மாண்டினீக்ரோவுக்கு 2006இல் 55 சதவீதம் வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்தார்கள், வந்தது 55.5. அந்த அரை சதவீதத்தை செர்பியா ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், எண்ணிக்கை தொடங்கும் முன்பே விதி எழுதப்பட்டிருந்தது. கியூபெக்கில் 1995இல் வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம், எதிர்ப்பக்கம் அதே அரை சதவீதம் போயிருந்தால் எது 'தெளிவான பெரும்பான்மை' என்று சண்டை போடுவதற்கு விதியே இருக்கவில்லை.

கையெழுத்து விழுந்த பத்திரத்திலும் விட்டுப்போன வரிகள் பின்னால் கடிக்கும். தெற்கு சூடானில் 98.83 சதவீதம் ஆதரவு, தாய்நாட்டின் சம்மதம், ஐ.நா. இடம் எல்லாம் இருந்தன. எண்ணெய் வயல்களில் முக்கால்வாசி தெற்கே, கடலுக்குப் போகும் குழாய் வடக்கே. குழாய்க்கு வாடகை எவ்வளவு என்று எழுதிக்கொள்ளாமலே பிரிந்தார்கள். கிணறு ஒருவருக்கு, வாய்க்கால் இன்னொருவருக்கு என்று பாகம் பிரித்த தோட்டம் எப்படியிருக்கும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அபியே பகுதி எந்தப் பக்கம் என்பதற்குத் தனியாக வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, யாருக்கு ஓட்டு என்ற தகராறில் அது குறித்த நாளில் நடக்கவில்லை. 2012 ஜனவரியில் தெற்கு தன் எண்ணெய் உற்பத்தியையே நிறுத்தியது. ஏப்ரலில் இரண்டு நாடுகளும் ஹெக்லிக் எண்ணெய் வயலுக்காகச் சண்டை போட்டன. இப்போது அவை இரண்டு நாடுகள் என்பதால், அந்தச் சண்டைக்கு 2(4) பொருந்தியது.